டிரம் கிட் கேபிள்: கழற்றுவதை யோசித்துவிட்டுக் கட்டுங்கள்

எலக்ட்ரானிக் டிரம் வாசிக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் கேபிள் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். கேபிள் என்றால் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் மாட்டி முடிக்க ஒரு மணி நேரம் பிடிக்கிற டிரம்மை நாளாக ஆக வெளியே எடுக்கவே மனசு வராது, வாசிப்பே குறைந்துபோகும், அப்படி விட்டுவிட்ட சிலரை எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். புதியவர்களுக்கு ஒரு வரி: பேட் என்பது குச்சியால் அடிக்கும் தட்டு, ராக் என்பது பேட்களைத் தாங்கும் குழாய்ச் சட்டம், மாட்யூல் என்பது அடியை ஒலியாக்கும் பெட்டி, ஜாக் என்பது பிளக் சொருகும் துளை.

கேள்வி: சார், வாரத்துக்கு ஒரு தடவையாவது என் எலக்ட்ரானிக் டிரம்மைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோய் மாட்டுகிறேன். முக்கால் மணி நேரம் ஆகிறது. அதில் பாதி, எந்த வயர் எந்தப் பேடுக்கு என்று தேடுவதிலேயே போய்விடுகிறது. எல்லா கேபிளையும் சேர்த்து அழகாகக் கட்டிப் பார்த்தேன், அடுத்த தடவை கழற்றும்போது எல்லாவற்றையும் மறுபடி அவிழ்க்க வேண்டியதாயிற்று. எப்படித்தான் கட்டுவது?

பதில்: நீங்கள் அழகாகத்தான் கட்டியிருப்பீர்கள், ஆனால் டிரம் நின்றுகொண்டிருக்கும் நிலையை மட்டும் மனதில் வைத்துக் கட்டியிருக்கிறீர்கள். கட்டுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது, இந்த கிட் வண்டியில் ஏறும்போது எத்தனை துண்டாகப் போகும், எந்தெந்த இடத்தில் பிரியும் என்பதைத்தான். அது முடிவானால் கேபிள் எங்கே போக வேண்டும், எங்கே கட்டு விழ வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

பொதுவாக நடப்பது இதுதான். ராக்கின் இரண்டு பக்க இறக்கைகளும் உள்பக்கம் மடியும். டாம் பேட்கள் (ராக்கில் வரிசையாக மாட்டியிருக்கும் டிரம்கள்) ராக்கோடு அப்படியே இருக்கலாம், அவற்றைக் கழற்றத் தேவையே இல்லை. சிம்பல்கள் கழன்று தனிப் பையில் போகும். கிக் டவர், அதாவது காலால் மிதித்து அடிக்கும் பேட் நிற்கும் தாங்கி, தனி. ஸ்நேர் (வாசிப்பவருக்கு நேர் முன்னால் இருக்கும் முக்கிய டிரம்) தனி ஸ்டாண்டில் இருந்தால் அதுவும் தனி. மாட்யூலைப் பெரும்பாலும் பத்திரமாகக் கழற்றித் தனியாக எடுத்துப்போவோம். ஆக, கேபிள் எதோடு போக வேண்டும்? என் முடிவு: கேபிள் ராக்குக்குச் சொந்தம். பேடுக்கும் சொந்தமில்லை, மாட்யூலுக்கும் சொந்தமில்லை. டாம் கேபிள்களின் பேட் முனையை ஒருமுறை சொருகினால் கழற்றவே வேண்டாம். சிம்பல், ஸ்நேர், கிக் இவற்றில் மட்டும் பேட் முனையைப் பிடுங்கி, தொங்குகிற வாலைச் சுருட்டி, பக்கத்திலிருக்கிற குழாயிலேயே ஒரு வெல்க்ரோ பட்டையால் கட்டிவிடுங்கள். மறுபடி மாட்டும்போது பட்டையைப் பிரித்தால் வால் எந்தப் பேடுக்கு வேண்டுமோ சரியாக அந்தப் பேடுக்கு நேரே விழும், தேடவே வேண்டாம்.

இப்போது கட்டுகிற நாள். அவசரப்படாமல் ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். இருக்கிற கட்டையெல்லாம் அவிழ்த்துவிட்டு, கேபிளே இல்லாமல் கிட்டை உங்கள் உயரத்துக்கு நிறுத்துங்கள், உட்கார்ந்து ஒலியில்லாமலேயே பத்து நிமிடம் வாசியுங்கள். சிம்பலை எட்டிப்போய் அடிக்க வேண்டியிருக்கிறதா, டாம் சாய்வு சரியா, எல்லாம் இப்போதே பார்த்துவிட வேண்டும். கேபிள் கட்டிய பிறகு சிம்பல் கையை நாலு விரல் உயர்த்தினால் கேபிள் பற்றாமல் போகும், அப்புறம் திரும்ப முதலிலிருந்து. நிலை முடிவானதும், பேடைக் குழாயோடு இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு கிளாம்ப் பக்கத்திலும் குழாயில் ஒரு மெல்லிய டேப் சுற்றியோ மார்க்கரால் கோடு போட்டோ வையுங்கள். இது கேபிள் வேலை இல்லைதான், ஆனால் கேபிளின் நீளம் இந்தக் கோட்டை நம்பித்தான் இருக்கிறது.

பிறகு மாட்யூலிலிருந்து மிகத் தூரத்தில் இருப்பதை, பெரும்பாலும் அது ரைடு சிம்பலாக இருக்கும், முதலில் ஓட விடுங்கள். குழாயின் பின்பக்கமாகவோ அடிப்பக்கமாகவோ போகட்டும், கிளாம்ப் கடிக்கும் இடத்துக்குள் கேபிள் ஒருபோதும் போகக் கூடாது. அடுத்தடுத்துப் பக்கத்தில் இருக்கும் பேட்களின் கேபிள்கள் வழியில் வந்து அதோடு சேர்ந்துகொள்ளும். பேட் பக்கத்தில் ஒரு சாண் அளவுக்குத் தளர்வு விடுங்கள். சிம்பலுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, அது ஆடும்போது கேபிளும் ஆட இடம் வேண்டும். ராக் மடியும் மூட்டில் இரண்டு பக்கமும் கட்டு போடலாம், மூட்டின் மேலேயே போடக் கூடாது, நடுவில் ஒரு வளைவு தொங்கட்டும். மடித்துப் பார்த்துவிட்டு அந்த வளைவின் அளவை முடிவு செய்யுங்கள், விரித்திருக்கும்போது பார்த்தால் எப்போதும் கம்மியாகத்தான் விடத் தோன்றும்.

மிச்ச நீளத்தை எங்கே ஒளிப்பது? பேட் பக்கத்தில் வேண்டாம். நேராக நீளமாகப் போகும் குழாயில் கேபிளையே முன்னும் பின்னுமாக மடித்து ஓட்டிக் கட்டிவிடுங்கள். வட்டமாகச் சுருட்டித் தொங்கவிட்டால் கால் மாட்டும், மடிக்கும்போது ராக்குக்கு நடுவில் நசுங்கும்.

மாட்யூல் பக்கத்தில் தனித்தனி ஜாக் உள்ள கிட் என்றால் கேபிள்களை இரண்டு கட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம்: ஹை-ஹாட் (மிதியால் திறந்து மூடும் சிம்பல்), ஹை-ஹாட் கன்ட்ரோலர் (அந்த மிதி), ஸ்நேர், முதல் கிராஷ் சிம்பல். வலது பக்கம்: டாம்கள், ரைடு, இரண்டாவது கிராஷ். கிக் எந்தப் பக்கக் காலை ஒட்டி இறங்குகிறதோ அந்தக் கட்டில். ஒரே பெரிய கட்டாகக் கட்டினால் பார்க்க லட்சணமாக இருக்கும், ஒரு கேபிள் கெட்டுப்போனால் முழுவதையும் உரிக்க வேண்டியிருக்கும்.

கடைசியாகப் பெயர். ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனையிலும் எழுதுங்கள், ஒரு முனையில் மட்டும் எழுதி எந்தப் பயனும் இல்லை. மாட்யூலின் பின்னால் அந்த ஜாக்குக்கு மேலே என்ன அச்சாகியிருக்கிறதோ அதையே அப்படியே எழுதுங்கள், உங்கள் வழக்கத்தில் ஒரு பெயரும் அங்கே இன்னொரு பெயருமாக இருந்தால் அவசரத்தில் குழம்பும். வெள்ளை இன்சுலேஷன் டேப்பில் பெர்மனென்ட் மார்க்கரால் எழுதி, மேலே கண்ணாடி போன்ற டேப்பை ஒரு சுற்று சுற்றினால் வியர்வையில் அழியாது. மாஸ்கிங் டேப் சில மாதத்தில் உரிந்துவிடும். பிளக்கை ஒட்டியே ஒட்டாமல் நாலு விரல் தள்ளி ஒட்டுங்கள், பிடித்துச் சொருகும்போது கை மறைக்காது.

கேள்வி: ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு நிறம் என்று பத்து நிற டேப் வாங்கி ஒட்டினேன். வீட்டில் நன்றாக இருந்தது. மேடையில் ஒன்றுமே தெரியவில்லையே?

பதில்: தெரியாது. மேடை விளக்கு சிவப்பாக இருந்தால் சிவப்பு டேப்பும் வெள்ளை டேப்பும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், நீலமும் பச்சையும் கறுப்பாகிவிடும். நிறம் இரண்டு போதும், இடது கட்டுக்கு ஒன்று, வலது கட்டுக்கு ஒன்று. கட்டுக்குள் எது எது என்பதற்கு வளையம் போடுங்கள். முதல் டாமுக்கு ஒரு வளையம், இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு மூன்று. கொஞ்சம் தடிமனான டேப்பாக இருந்தால் இருட்டில் விரலால் தடவியே எண்ணிவிடலாம். பெயர் வெளிச்சத்தில் படிக்க, வளையம் இருட்டில் தடவ, இரண்டும் இருக்கட்டும்.

கேள்வி: பிளாஸ்டிக் டை நல்லதா, வெல்க்ரோ நல்லதா? டை ரொம்ப மலிவு, ஒரு பாக்கெட்டில் நூறு கிடைக்கிறதே.

பதில்: வெல்க்ரோ. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை, காரணம் அனுபவம். ஒரு நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்னால் ஸ்நேர் கேபிளை மாற்ற வேண்டி வந்தது, எல்லாம் பிளாஸ்டிக் டையால் இறுகக் கட்டியிருந்தது. கையில் கிடைத்த சின்னக் கத்தியால் டையை அறுத்தேன், டையோடு சேர்ந்து பக்கத்திலிருந்த இரண்டாவது டாமின் கேபிளும் அறுபட்டது. மேலுறை மட்டும்தான் என்று நினைத்தேன், உள்ளே கம்பி வலையும் போயிருந்தது. அன்றைக்கு முழுக்க அந்த டாம் இல்லாமலே வாசித்தேன். அதிலிருந்து என் ராக்கில் பிளாஸ்டிக் டை கிடையாது.

டையை இறுக்கும்போது எவ்வளவு அழுத்துகிறோம் என்று கைக்குத் தெரியாது என்பது இன்னொரு காரணம். கேபிளின் உறை நசுங்கி இடுப்பு விழுந்த மாதிரி தெரிந்தால் அந்த இடம் ஒருநாள் உடையும். வெல்க்ரோ பட்டை வாங்கும்போது ஒரு முனையில் துளை உள்ளதாகப் பாருங்கள், அதைக் கேபிளிலேயே கோத்துவிட்டால் பட்டை தனியாகத் தொலையாது. கழற்றவே போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த நீளமான பகுதிக்கு, பக்கவாட்டில் பிளந்திருக்கும் துணி உறை கிடைக்கிறது, அதற்குள் கேபிள்களைத் திணித்துவிட்டு நடுவில் வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் வெளியே இழுக்கலாம். அது நல்ல சாமான்.

கேள்வி: புதிதாக எல்லா கேபிளையும் மாட்டி ஒழுங்காகக் கட்டி முடித்தேன். அப்புறம் பார்த்தால் ஸ்நேரின் விளிம்பில் அடித்தால் சத்தமே இல்லை, ஹை-ஹாட் மிதியை விட்டாலும் மூடியபடியே ஒலிக்கிறது. பேட் போய்விட்டதா?

பதில்: பேட் போயிருக்க வாய்ப்பு குறைவு. இரண்டும் கேபிள் விவகாரம்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு.

முதலில் ஸ்நேர். பிடுங்கி பிளக்கைப் பாருங்கள். 6.35 மி.மீ. பிளக்கில் கறுப்புக் கோடு இரண்டு இருந்தால் அது ஸ்டீரியோ, ஒன்று மட்டும் இருந்தால் மோனோ. ஸ்டீரியோ பிளக்கில் நுனி, வளையம், உடம்பு என்று மூன்று தொடர்பு இருக்கிறது. இரண்டு மண்டலம் (தனித்தனி ஒலி தரும் பகுதி) உள்ள பேடில் பொதுவாக நடுத்தோலுக்கு ஒரு தொடர்பு, விளிம்புக்கு இன்னொன்று, எர்த்துக்கு மூன்றாவது. கிட்டார் வாசிப்பவர்கள் பயன்படுத்தும் சாதாரண கேபிள் மோனோ, அதில் வளையத் தொடர்பே கிடையாது. ஒழுங்குபடுத்தும்போது நீளம் போதவில்லை என்று கையில் கிடைத்த ஒரு கிட்டார் கேபிளைப் போட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள். நடுவில் அடித்தால் ஒலிக்கும், விளிம்பு ஊமையாகிவிடும். சிம்பலில் இதே தவறு நடந்தால், அதன் அமைப்பைப் பொறுத்து, விளிம்பைப் பிடித்து ஒலியை நிறுத்தும் வசதி போய்விடும்.

அடுத்து ஹை-ஹாட். இதற்குப் பல கிட்களில் இரண்டு கேபிள்: ஒன்று அடியை உணர, இன்னொன்று மிதி எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்று சொல்ல. இரண்டாவது சரியாகச் சொருகப்படாவிட்டால் அல்லது வேறு ஜாக்கில் போயிருந்தால், மாட்யூலுக்கு மிதியின் நிலையே தெரியாது, ஹை-ஹாட் ஏதோ ஒரு நிலையில் நின்றுவிடும். கன்ட்ரோலரின் கேபிளும் கிக்கின் கேபிளும் தரை மட்டத்திலிருந்து ஒன்றாக மேலே வருவதால் இந்த இரண்டும்தான் அதிகம் இடம் மாறும். கிக் அடித்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள், அதுவும் ஊமையாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், மாற்றிச் சொருகியிருக்கிறீர்கள்.

ரைடிலும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு. சில கம்பெனி ரைடு சிம்பலுக்கு இரண்டு கேபிள், பெல் (நடுவில் உள்ள குமிழ்) தனி, மேல்பரப்பும் விளிம்பும் தனி. வேறு சிலவற்றில் ஒரே ஸ்டீரியோ கேபிளில் மூன்று மண்டலமும் வந்துவிடும். பெல் கேட்கவில்லை என்றால் சிம்பலின் அடியில் இரண்டாவது ஜாக் இருக்கிறதா என்று முதலில் குனிந்து பாருங்கள்.

எந்தக் கோளாறுக்கும் இப்படிச் சோதியுங்கள். நன்றாக வேலை செய்யும் ஒரு டாமின் கேபிளைப் பேட் முனையில் பிடுங்கி, சந்தேகப் பேடில் சொருகி அடியுங்கள். டாம் ஒலி வந்தால் பேடில் கோளாறு இல்லை, பழைய கேபிளோ அதன் ஜாக்கோதான் காரணம். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமலே போகும். வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் கேபிளைத் தனியாக எடுத்து நுனிக்கு நுனி, வளையத்துக்கு வளையம், உடம்புக்கு உடம்பு தொடர்பு இருக்கிறதா பார்க்கலாம், பார்க்கும்போதே பிளக் அடியில் கேபிளை அசைத்துக்கொண்டே இருங்கள். அசைத்தால் மட்டும் அறுகிற கேபிள்தான் மேடையில் கழுத்தறுக்கும்.

கேள்வி: நான் இடது கைக்காரன். என் கிட்டில் எல்லா கேபிளும் ஒரே தடி கேபிளாக வந்து மாட்யூலில் ஒரே பிளக்கில் சேர்கிறது. கிட்டை மாற்றி அமைத்தால் ரைடுக்கு நீளம் போதவில்லை. வெட்டி ஒட்டலாமா?

பதில்: வெட்டாதீர்கள் தம்பி. அந்தத் தடி கேபிளில் ஒவ்வொரு கிளையின் நீளமும் வலது கைக்காரர் அமைப்புக்கு அளந்து செய்யப்பட்டது. மாட்யூலுக்குப் பக்கத்தில் ஹை-ஹாட், எதிர்ப்பக்கம் ரைடு என்ற கணக்கு. நீங்கள் திருப்பும்போது மாட்யூலையும் சேர்த்து மறுபக்கம் கொண்டுபோக முடிந்தால் அதுதான் சுலபமான வழி, நீளங்கள் அப்படியே கண்ணாடியில் பார்ப்பது போல் பொருந்திவிடும். ராக்கில் இடம் இல்லை என்றால், ஒரு முனையில் ஆண் பிளக், மறுமுனையில் பெண் சாக்கெட் உள்ள ஸ்டீரியோ நீட்டிப்புக் கேபிள் வாங்கிப் பற்றாத கிளைக்கு மட்டும் போடுங்கள். ஸ்டீரியோ என்று கேட்டு வாங்குங்கள், காரணம் மேலே சொன்னதுதான். இணையும் இடத்தைக் குழாயோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், தொங்கவிட்டால் அந்தக் கனமே இழுத்துக் கழற்றும். பெயருக்குப் பொருந்தவில்லையே என்று கவலைப்படாதீர்கள். முதல் டாம் என்று எழுதிய கிளையை நீங்கள் மூன்றாவது டாமில் சொருகிவிட்டு, மாட்யூலில் அந்த இடத்துக்கு வேறு ஒலியை வைத்துக்கொள்ளலாம், டாம்களுக்கு இது சரிப்படும். ஹை-ஹாட், ரைடு, கிக் இவற்றில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம், அந்தக் கிளைகளின் வேலையே வேறு.

அந்த ஒற்றைப் பிளக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது 25 பின் உள்ள டிபி-25 பிளக். ரோலண்ட் டிடி-17, அலெசிஸ் நைட்ரோ போன்ற பல மாட்யூல்களில் இருப்பது இதுதான், கூடுதல் சிம்பல் போன்றவற்றுக்கு மட்டும் பக்கத்தில் தனி ஜாக் இருக்கும். அதன் இரண்டு பக்கத் திருகையும் கையால் கடைசிவரை திருகுங்கள். ஒரு திருகு மட்டும் போட்டால் பிளக் ஒரு பக்கமாகச் சாய்ந்து சில பின்கள் மட்டும் தொடும். ஒரு பேட் மட்டும் ஊமை என்றால் அந்தக் கிளையைப் பாருங்கள், இரண்டு மூன்று பேட் ஒரே நேரத்தில் ஊமை என்றால் இந்தப் பிளக்கைப் பாருங்கள். கழற்றிய பிறகு பின்கள் வளையாமல் இருக்க ஒரு மூடி போட்டு, மூடி இல்லாவிட்டால் தடிமனான துணியைச் சுற்றி வையுங்கள். மாற்றுக் கேபிள் தேவைப்பட்டால் உங்கள் மாட்யூலின் மாடலைச் சொல்லி வாங்குங்கள். பிளக் வடிவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே எந்தப் பின்னில் எந்தப் பேட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம்.

கேள்வி: வாசித்துக்கொண்டிருக்கும்போது டாமின் பிளக் தானாகக் கழன்று விழுகிறது. டேப் போட்டு ஒட்டிவிடட்டுமா?

பதில்: டேப் வேண்டாம், பிசின் ஜாக்குக்குள் இறங்கும். பிளக் கழல்வதற்குப் பெரும்பாலும் காரணம் கேபிளின் கனம் முழுக்க அந்தப் பிளக்கில் தொங்குவதுதான். பேடிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கேபிளைக் குழாயோடு கட்டி, பேடுக்கும் கட்டுக்கும் நடுவில் சின்ன வளைவு விடுங்கள், யாராவது காலால் இழுத்தாலும் இழுப்பு கட்டோடு நின்றுவிடும். பேட் முனைக்கு எல் வடிவப் பிளக் போடுங்கள், நேர்ப் பிளக் வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதால் முழங்காலோ குச்சியோ தட்டும்.

1981-ல் வந்த சிம்மன்ஸ் எஸ்டிஎஸ்-5 கிட்டில், அந்த அறுகோணப் பேட்கள் நிறைய பேருக்கு நினைவிருக்கும், பேட்களுக்கு எக்ஸ்எல்ஆர் இணைப்பு வைத்திருந்தார்கள், மைக் கேபிள் மாதிரி அது பூட்டிக்கொள்ளும். இன்றைய பேட்களில் வரும் 6.35 மி.மீ. ஜாக்கில் அந்தப் பூட்டு இல்லை. அதனால் அந்த வேலையை நம் கட்டுதான் செய்ய வேண்டும்.

கட்டெல்லாம் சரியாக இருந்தும் கழன்றால் ஜாக் தளர்ந்திருக்கிறது. உள்ளே இருக்கும் பிடி தேய்ந்திருக்கலாம், வெளியே இருக்கும் நட்டு லூசாகியிருக்கலாம். நட்டை மட்டும் நீங்களே இறுக்கலாம், மற்றதுக்கு சர்வீஸில் கொடுங்கள்.

கேள்வி: கிராஷ் சிம்பல் வாசிக்க வாசிக்கச் சுற்றிக்கொண்டே போகிறது. கேபிள் ஸ்டாண்டில் பாம்பு மாதிரி சுற்றிக்கொள்கிறது.

பதில்: சிம்பலோடு வந்த ஸ்டாப்பரைப் போடாமல் விட்டிருக்கிறீர்கள். சிம்பலுக்குக் கீழே ஸ்டாண்டின் கம்பியில் இறுக்குகிற சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துண்டு அது, அதன் வேலையே சிம்பலைச் சுற்றவிடாமல் பிடிப்பதுதான். பல சிம்பல்களில் அடியை உணரும் பகுதி ஒரு பக்கத்தில்தான் இருக்கும் என்பதால், சிம்பல் சுற்றினால் கேபிள் மட்டுமல்ல ஒலியும் கெடும்.

கேள்வி: பேட் கேபிளோடு அடாப்டர் கேபிளையும் சேர்த்துக் கட்டிவிட்டேன். ஸ்பீக்கரில் உர்ர்ர் என்று ஒரு இரைச்சல். பிரித்துக் கட்ட வேண்டுமா?

பதில்: பேட் கேபிளைப் பிரிப்பதால் இந்த இரைச்சல் போகாது. பேடுக்குள் இருக்கும் பியசோ தகடு அடிபட்டதும் ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. மாட்யூல் அந்தத் துடிப்பின் அளவைப் பார்த்து, தன்னிடம் இருக்கும் ஒலியை வெளியே விடுகிறது. பேட் கேபிளில் வருவது ஒலி இல்லை, செய்தி. பக்கத்தில் மின்கம்பி ஓடினால் அதில் ஏறும் சின்ன முணுமுணுப்பு மாட்யூல் கண்டுகொள்ளும் அளவுக்கு வராது, ஸ்பீக்கருக்குப் போக வழியும் கிடையாது.

பார்க்க வேண்டியது மாட்யூலிலிருந்து மிக்சருக்குப் போகும் கேபிளை. அதில் போவதுதான் உண்மையான ஒலி. அதை மின்கம்பியோடு சேர்த்து ஓட விடாதீர்கள், குறுக்கே போக வேண்டி வந்தால் செங்குத்தாகக் கடந்து போகட்டும். மிக்சர் தூரத்தில் இருந்தால் மாட்யூல் பக்கத்திலேயே டிஐ பாக்ஸ் (ஒலியை இரைச்சல் ஏறாமல் தூரத்துக்கு அனுப்ப உதவும் சின்னப் பெட்டி) வைத்து, அங்கிருந்து மைக் கேபிளில் அனுப்புங்கள். இரைச்சல் அப்போதும் இருந்தால் டிஐ பாக்ஸில் உள்ள, ஒலிக் கேபிளின் எர்த் தொடர்பைப் பிரிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். கரண்ட் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றும் வேலையை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள், அது உயிர் விஷயம்.

அடாப்டரைத் தனியாகக் கட்டுங்கள் என்றுதான் நானும் சொல்வேன், ஆனால் காரணம் வேறு. அது ஒவ்வொரு முறையும் கழன்று வரும் பொருள், ராக்கோடு தங்கும் கட்டில் அதற்கு இடமில்லை. அதன் கனமான பெட்டியை ராக்கின் காலில் ஒரு வெல்க்ரோவால் கட்டி நிறுத்துங்கள். மாட்யூலின் பின்னால் அடாப்டர் வயரை மாட்ட ஒரு சின்னக் கொக்கி இருந்தால் அதில் சுற்றிவிட்டுச் சொருகுங்கள். பாட்டுக்கு நடுவில் கரண்ட் பிளக் உருவிக்கொண்டால் மொத்த கிட்டும் போய்விடும்.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. டிரம் கிட்டை அவளே மாட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: அம்மா, அவளிடமே விடுங்கள், நன்றாகச் செய்வாள். முதல் நாள் எல்லாம் சரியாக வேலை செய்யும்போது இரண்டு பேரும் சேர்ந்து போனில் நாலு படம் எடுங்கள்: மாட்யூலின் பின்பக்கம், இடது இறக்கை, வலது இறக்கை, கீழே கிக்கும் மிதியும். மாட்யூலின் பின்பக்கப் படத்தைத் தாளில் அச்செடுத்து பையிலேயே போட்டுவிடுங்கள்.

மாட்டும் வரிசையை எப்போதும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ராக்கை விரிப்பது, பிறகு கிக், பிறகு சிம்பல்கள், பிறகு மாட்யூல், பிறகு கேபிள், எல்லாவற்றுக்கும் கடைசியில் கரண்ட். ஒலி அளவைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுத்தான் ஆன் செய்ய வேண்டும், ஹெட்ஃபோனைக் காதில் போட்டுக்கொண்டு ஆன் செய்யக் கூடாது. அதன் பிறகு கிக், ஸ்நேர், ஸ்நேர் விளிம்பு, டாம்கள், ஹை-ஹாட் திறந்து, ஹை-ஹாட் மூடி, கிராஷ், ரைடு, ரைடு பெல் என்று ஒவ்வொன்றாக ஒரு அடி. இந்தச் சுற்றுக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது, எந்த கேபிள் தப்பு என்று உடனே தெரிந்துவிடும். பிளக்கை உருவும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கின் உடம்பைப் பிடித்து உருவ வேண்டும். இந்த ஒன்றை மட்டும் நீங்கள் பக்கத்தில் நின்று கவனித்துச் சொல்லுங்கள், சின்ன வயதில் படிகிற பழக்கம் அது.

கேள்வி: கம்ப்யூட்டரில் பதிவு செய்ய 10 மீட்டர் யூஎஸ்பி கேபிள் போடலாமா? ஹெட்ஃபோனையாவது ப்ளூடூத்தில் மாற்றினால் ஒரு வயர் குறையுமே?

பதில்: யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் கணக்கு, அதற்கு மேல் போனால் நடுவில் இணைப்பு அறுந்து அறுந்து வரலாம். மாட்யூலில் ஐந்து பின் மிடி ஜாக் (ஒலியை அல்ல, எந்தப் பேடை எவ்வளவு பலமாக அடித்தோம் என்ற செய்தியை அனுப்புவது) இருந்தால் அதில் 15 மீட்டர் வரை போகலாம், கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு மிடி இன்டர்ஃபேஸ் வேண்டும்.

சாதாரண ப்ளூடூத் ஹெட்ஃபோன் டிரம்முக்கு ஆகாது. அடித்த பிறகு ஒலி தாமதமாக வரும், கை தாளத்தைத் தொலைத்துவிடும். வயர் உள்ள ஹெட்ஃபோனே இருக்கட்டும். அதன் வயரை முன்பக்கம் தொங்கவிடாமல் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், சட்டையில் ஒரு கிளிப் போட்டு, மாட்யூலுக்குப் பக்கத்தில் குழாயில் ஒரு சுற்று வெல்க்ரோ போட்டுச் சொருகுங்கள். மறந்துபோய் எழுந்தாலும் ஜாக் உடையாது.

கேள்வி: மாற்றுக் கேபிள்களை எப்படிச் சுருட்டி வைப்பது? நான் கைக்கும் முழங்கைக்கும் சுற்றுகிறேன், அடுத்த தடவை எடுத்தால் முறுக்கிக்கொண்டு நிற்கிறது.

பதில்: முழங்கையில் சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் கேபிள் ஒரு முறுக்கு வாங்கும், உள்ளே இருக்கும் கம்பிகள் நாளடைவில் உடையும். கையில் ஒரு வளையம் சாதாரணமாகப் போடுங்கள், அடுத்த வளையத்தைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் திருப்பி உள்பக்கமாக மடித்துப் போடுங்கள், மாறி மாறி. ஒரு முறுக்கு வலது, ஒரு முறுக்கு இடது என்று ஒன்றையொன்று சரிசெய்துகொள்ளும். முதல் நாலைந்து தடவை கை திணறும், அப்புறம் பழகிவிடும். இப்படிச் சுருட்டிய கேபிளின் ஒரு முனையைப் பிடித்து வீசினால் முடிச்சில்லாமல் நேராகப் போய் விழும். ஆனால் பிளக் முனை வளையத்துக்குள் நுழைந்து வெளியே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், நுழைந்துவிட்டால் வீசும்போது வரிசையாக முடிச்சு விழும்.

மாற்றுக்கு என்று தனியாக இரண்டு கேபிள் போதும், இரண்டும் ஸ்டீரியோவாகவும், ரைடு வரை எட்டும் நீளத்திலும் இருக்கட்டும். தனித்தனி ஜாக் உள்ள கிட்டில் எந்த பேட் கேபிள் போனாலும் அந்த இரண்டில் ஒன்று பொருந்தும்.